கவரிங் செயின் வாங்கும் ஆண்கள் கவனிக்க வேண்டியவை

பெண்கள் கவரிங் நகையை விசேஷத்துக்கு அணிந்து, வீடு திரும்பியதும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆண்களோ கழுத்தில் போட்ட செயினை அது பல்லிளிக்கும் வரை கழற்றுவதில்லை. குளிப்பது, உறங்குவது, வயலில் இறங்குவது எல்லாம் அதோடுதான். இவ்வளவு வேறுபட்ட பயன்பாட்டுக்கு, பெண்களின் ஆரத்தைப் பார்ப்பதுபோலப் பளபளப்பையும் வேலைப்பாட்டையும் மட்டும் பார்த்து வாங்குவதால்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என எங்கு போனாலும் ‘சிதம்பரம் கவரிங்’ என்ற பலகையைக் காணலாம். சிதம்பரத்துக்கு இத்தொழிலில் உள்ள பெயர் உண்மையானது. ஆனால் பலகையில் ஊர்ப்பெயர் இருப்பது தரச்சான்று ஆகாது. ஹால்மார்க் முத்திரை தங்க நகைக்கும் வெள்ளி நகைக்கும் உரியது, கவரிங்குக்கு உரியதல்ல. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு இருந்தாக வேண்டும். ஆகவே கவரிங் செயினின் கொக்கியில் 22 காரட் தங்கத்துக்குரிய 916 என்ற எண் பொறித்திருந்தால் அதைக் கூடுதல் தகுதியாக எண்ணாமல், அந்தக் கடையையே சந்தேகிப்பது நல்லது.

‘ஒன் கிராம் கோல்டு’ என்ற பெயரையும் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செயினின் மொத்தப் புறப்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன்மேல் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு முலாம் பூச ஏறத்தாழ 0.19 கிராம் தங்கம் தேவைப்படும். முழுதாக ஒரு கிராம் பூசினால் கனம் ஐந்து மைக்ரானைத் தாண்டிவிடும். ஒரு கிராம் தங்கமே பல ஆயிரம் ரூபாய் விற்கும்போது, சில நூறு ரூபாய்ச் செயினில் அது இருக்க வழியில்லை. அது வெறும் வியாபாரப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, முலாம் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

முலாமுக்கு அடியில் இருக்கும் உலோகமும் முக்கியம். செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாதவை; செயின் காந்தத்தை நன்றாக இழுத்துப் பிடித்தால் உள்ளே இரும்பு இருக்கக்கூடும், முலாம் தேய்ந்ததும் துருவேறும். (கொக்கிக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங் மட்டும் ஒட்டுவதைப் பொருட்படுத்த வேண்டாம்.) செம்பு மேலே கசிந்து வராமல் தடுக்க இடையில் நிக்கல் பூசுவது வழக்கம். ஆனால் நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். கைக்கடிகாரத்தின் பின்மூடியோ பெல்ட் பக்கிளோ பட்ட இடத்தில் அரிப்பு வருகிறவர்கள் நிக்கல் இல்லாத செயினைக் கேட்டு வாங்க வேண்டும். கழுத்தில் பச்சைக் கறை படிவது வேறு. வியர்வை பட்டுச் செம்பு வினைபுரிவதால் வருவது அது, கழுவினால் போய்விடும்.

ஆண்களுக்கான செயினில் முதலில் நிறம் போவது பெரும்பாலும் பிடரியிலும், வளையத்தோடு வளையம் உரசும் இடங்களிலும், டாலர் தொங்கும் இடத்திலும்தான். சட்டைக் காலர் ஓயாமல் உரசுவதும் வியர்வை அங்கே தேங்குவதும் காரணம். எனவே விளிம்பு கூர்மையாக வெட்டிய மினுக்கு வேலைப்பாட்டைவிட, வழவழப்பான வளையங்கள் கொண்ட எளிய செயின் நெடுநாள் தாங்கும். கனமான புலிநக டாலரோடு மைனர் செயின் போட ஆசைப்படுவதில் தவறில்லை, ஆனால் டாலரின் எடை மாட்டு வளையத்தை அறுத்துக்கொண்டே இருக்கும் என்பதை அறிந்து வாங்க வேண்டும். வழிப்பறி செய்பவன் உரைகல்லோடு வருவதில்லை என்பதால், கவரிங்தானே என்ற துணிச்சலில் வடம்போன்ற செயினோடு இரவில் தனியே போவதும் புத்திசாலித்தனம் அல்ல.

கேரண்டி என்பதைக் கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. நிறம் மங்கினால் மாற்றித் தருவாரா, மறுபடி முலாம் பூசித் தருவாரா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். சென்ட் அடித்து உலர்ந்த பிறகு செயினை அணிவதும், குளிக்கும் முன் கழற்றுவதும், இரவில் பருத்தித் துணியால் துடைத்து வைப்பதும் முலாமின் ஆயுளை நீட்டிக்கும். இவை முடியாது என்பவர்கள் விலை உயர்ந்த கவரிங்கைத் தேடாமல், மறுமுலாம் பூசித் தரும் உள்ளூர்க் கடையில் நடுத்தர விலைச் செயினை வாங்குவதே மேல்.