ஏலத்தில் எடுத்த ராணுவ லாரி: முதலில் பிரேக்கைப் பாருங்கள்

எம்-35 ஏ2 என்ற பழைய அமெரிக்க ராணுவ லாரியை ஏலத்தில் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம்தான் அது முதல்முறையாகத் தன் பிரேக்கில் ஒழுங்காக நின்றது. படத்தைப் பார்த்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இன்ஜின் ஓடுதா?" ஏலத்துக்கு முன் வண்டியைப் பார்வையிடும் நாளில் நானும் அதை மட்டும்தான் கேட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று வண்டியில் பேட்டரி இல்லை. யார்டு ஊழியர் ஒருவர் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் கொடுத்தார். பட்டனை அழுத்தினேன். மூன்றாவது முறை புகை கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டீசலோடு மண்ணெண்ணெயும், அவசரத்துக்கு பெட்ரோலும் குடிக்கும் இன்ஜின். அதன் டர்போ விசிலடிக்கும் சத்தத்தை நேரில் கேட்டால்தான் தெரியும். அந்த இடத்திலேயே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். பின் சக்கரத்தின் உள்பக்கம் டயரில் ஈரமாக ஒரு கோடு இருந்தது. சேறு என்று நினைத்தேன். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அது பிரேக் ஆயில்.

இந்த லாரியின் பிரேக் ஹைட்ராலிக், அதாவது ஆயில் அழுத்தத்தில் பிடிப்பது; உதவிக்குக் காற்றழுத்தம். மூன்று அச்சுக்கும் சேர்த்து ஒரே சர்க்யூட், அதாவது ஒரே ஆயில் பாதை. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் ஏதாவது ஒன்று ஒழுகி ஆயில் தீர்ந்தால் பெடல் தரையைத் தொடும், எந்தச் சக்கரத்திலும் பிரேக் இருக்காது. வெறும் வண்டியே ஏறக்குறைய 6 டன். மிச்சம் இருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பக்கம் இருக்கும் கை பிரேக் மட்டும். அது நிறுத்திவைப்பதற்கு, ஓடுகிற வண்டியை நிறுத்துவதற்கு அல்ல.

பிரேக் டிரம்களைக் கழற்றியபோது ஒரு சிலிண்டர் மட்டும் இல்லை, எல்லாமே துருப்பிடித்திருந்தன. காரணம் எளிமையானது. அமெரிக்க ராணுவம் 1980களில் சிலிகோன் பிரேக் ஆயிலுக்கு மாறியது. அது தண்ணீரை உறிஞ்சாது. உள்ளே புகும் ஈரம் ஆயிலோடு கலக்காமல் தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். வருடக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டியில் அங்கேதான் துரு ஆரம்பிக்கும். என் வண்டியில் யாரோ நடுவில் சாதாரண பிரேக் ஆயிலையும் ஊற்றியிருந்தார்கள். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ஆறு வீல் சிலிண்டர், பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் குழாய்கள் எல்லாம் மாற்றி, இரும்புக் குழாய்களைக் கழுவி முடிக்கவே பாதி நாள் போய்விட்டது. நான் சொல்வது எட்டு மாதத்தில் பாதி.

டயர் விஷயமும் அப்படித்தான். தரையைப் பிடிக்கும் டயர் பட்டன் எல்லாம் புதிது போல ஆழமாக இருந்தது. ஆனால் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படிக்க வேண்டும்: 1403 என்றால் 2003ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருந்தால் 2000க்கு முந்தைய டயர். இதன் ரிம் லாக் ரிங் வகை, அதாவது டயரை ஒரு தனி இரும்பு வளையம் பிடித்துவைத்திருக்கும். தயவுசெய்து இதை வீட்டில் கழற்றாதீர்கள். காற்றை முழுவதும் இறக்காமல் தொட்டாலோ, ரிங் சரியாக உட்காராமல் காற்று அடித்தாலோ அந்த வளையம் தெறித்து ஆளைக் கொன்றுவிடும். இரும்புக் கூண்டு வைத்திருக்கும் லாரி டயர் கடையில்தான் கொடுத்தேன்.

"எப்படி இருக்கிறதோ அப்படியே, எங்கே இருக்கிறதோ அங்கேயே" என்பதுதான் ஏல நிபந்தனை. எல்லோரும் முதல் பாதியைப் பற்றியே பேசுவார்கள். என்னைக் கடித்தது இரண்டாம் பாதி. எடுத்துப்போகச் சில நாள்தான் அவகாசம், தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. நான் ஏலம் முடிந்த பிறகுதான் வண்டியை ஏற்றிப்போகத் தாழ்வான தளமுள்ள லோ-பெட் டிரெய்லர் தேட ஆரம்பித்தேன். டிரெய்லர் கூலி, ஏற்றுக்கூலி, ஏலக்காரரின் கமிஷன் மூன்றையும் முன்பே கூட்டி, உங்கள் உச்ச விலையிலிருந்து கழித்த பிறகு கை தூக்குங்கள்.

காகிதமும் அப்படியே. அமெரிக்க அரசு ஏலத்தில் சாலைப் பதிவுக்கு எஸ்.எஃப்-97 என்ற படிவம் வேண்டும். 2014 இறுதியில் ஹம்வீ என்ற ராணுவ வண்டிகளைப் பொது ஏலத்துக்கு விட்டபோது சாலைக்கு வெளியே ஓட்ட மட்டும் என்றுதான் விற்றார்கள். எந்த நாடானாலும் பதிவு அலுவலகத்தில் கேட்ட பிறகே ஏலத்துக்குப் போவது நல்லது.

ஏலக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. "இன்ஜின் ஓடும்" என்று எழுதியிருந்தார்கள், ஓடியது. பிரேக் பற்றி ஒரு வரி கூட இல்லை. இப்போதெல்லாம் ஏலப் பட்டியலைப் படிக்கும்போது எழுதாமல் விட்டது என்ன என்றுதான் தேடுகிறேன்.

அடுத்து இரண்டு சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றப் போகிறேன். முன் அச்சிலோ பின் அச்சிலோ ஆயில் போனாலும் மற்றது பிடிக்கும். அது முடியும்வரை பக்கத்து இருக்கையில் யாரையும் ஏற்றுவதில்லை. என் மகள் தினமும் கேட்கிறாள்.