ரேழியில் இன்டர்நெட், இரண்டாம் கட்டில் நான்

எங்களுடையது கும்பகோணத்துப் பழைய வீடு. அகலம் பதினாறு அடிதான். நீளம் மட்டும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். சுவர்கள் ஒன்றரை அடிக் கனம். ஃபைபர் இழுக்க வந்த தம்பி பெட்டியை ரேழியில் மாட்டினார். "வைஃபை சூப்பரா வருது, பாருங்கண்ணே" என்று தன் போனில் காட்டினார். காட்டும்போது பெட்டிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். நான் உட்கார்ந்து வேலை பார்ப்பது இரண்டாம் கட்டில்.

பணம் கட்டுவது 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு. என் மேஜைக்கு வந்து சேர்ந்தது 11. மழை நாளில் 6.

சரி, புது ரவுட்டர் வாங்குவோம் என்று கிளம்பினேன். வீட்டில் என்னென்ன சாமான் இணைப்புக் கேட்கிறது என்று முதலில் எண்ணியிருக்க வேண்டும். நான் ஆன்டெனாவை எண்ணினேன். நாலு இருந்தது. அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் ஏசி1200. வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் கணக்கு புரிந்தது. வைஃபைக்கு இரண்டு அலைவரிசை: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி ஏறக்குறைய 1200. ஒரு போன் ஒரு நேரத்தில் இதில் ஒன்றோடுதான் பேசும் என்பதால் இந்தக் கூட்டலால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அதைவிடக் கொடுமை பின்பக்கம். வயர் சொருகும் அத்தனை போர்ட்டும் 10/100, அதாவது அதிகபட்சம் நூறு எம்பிபிஎஸ். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் வயரே நூறுக்கு மேல் உள்ளே விடாது. ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபத்துக்கு ஒற்றைக் கதவு வைத்த கதை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பரணில் போட்டேன்.

அப்புறம்தான் தினசரி காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினேன். நகராதவை: டெஸ்க்டாப், ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி, மூன்று கேமராக்களின் ரெக்கார்டர், டிவி. நகருபவை: ஐந்து போன், ஒரு லேப்டாப். நகராவிட்டாலும் வயர் சொருக இடமில்லாதவை: பிரிண்டர், மோட்டாருக்கு மாட்டிய ஸ்மார்ட் பிளக்.

தாளைப் பார்த்ததும் பாதிக் குழப்பம் போய்விட்டது. நகராத எல்லாவற்றுக்கும் வயர். வைஃபை என்பது வீட்டில் இருக்கிற ஒரே குழாயடி. எல்லோரும் வரிசையில் நின்றுதான் பிடிக்க வேண்டும். கேமரா ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் என்றாலும் மூன்றும் சேர்ந்து ராப்பகலாக 12 பிடித்துக்கொண்டே இருக்கும். அவற்றை வரிசையிலிருந்து விலக்கினாலே போன்களுக்கு மூச்சு வரும். டிவிக்கு மட்டும் ஒரு சிரிப்பு: இத்தனை பெரிய 4கே டிவியிலும் வயர் சொருகும் லேன் போர்ட் 100தான். பரவாயில்லை, 4கே படம் ஓட 25 வந்தால் போதும்.

ஆக, இரண்டாவது ரவுட்டருக்கு நான் பார்த்தது: எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டாக (ஆயிரம் எம்பிபிஎஸ்) இருக்க வேண்டும், லேன் போர்ட் நாலு வேண்டும், இணைப்புக்காரர் கொடுக்கும் பிபிபிஓஈ பெயரும் (இணைப்பில் நுழையும் பயனர் பெயர்) விலேன் எண்ணும் (அவர்கள் தடத்தின் அடையாள எண்) போட வழி இருக்க வேண்டும். ஏசிக்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 இருந்தால் நல்லது, அட்டையில் ஏஎக்ஸ் என்று போட்டிருப்பார்கள். ஏஎக்ஸ்1500 வாங்கினேன். ஏஎக்ஸ்3000-க்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கேட்டார்கள். அதில் வரும் 2402 என்ற எண் 160 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில்தான் கிடைக்கும். எங்கள் வீட்டுப் போன்கள் 80-ஐத் தாண்டாது. அவர்களிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. 35 மீட்டர் கேட்6 நெட்வொர்க் வயர், அதன் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல், பத்து ஆர்ஜே45 பிளக். ரேழியிலிருந்து கூடத்துக்கு ஒரு வயர், கூடத்திலிருந்து பரண் வழியாக, முற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு இன்னொன்று. ரவுட்டர் கூடத்து அலமாரி மேல், பீரோவை விட்டுத் தள்ளி. ஃபைபர் பெட்டியை, இணைப்பை ரவுட்டருக்குக் கடத்துவதோடு நிற்கும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றி, அதன் வைஃபையை அணைத்தாகிவிட்டது. வேகம் பார்த்தேன். 94.

போன் பொய் சொல்கிறது என்று லேப்டாப்பில் பார்த்தேன். 94. ரவுட்டரைக் கழற்றி மாட்டினேன். 94. மூன்று முறையும் அச்சடித்த மாதிரி ஒரே எண் வந்ததும்தான் உறைத்தது. 100-ல் இணைந்த வயரில் நிஜமாகக் கிடைப்பது 94, 95தான். ரவுட்டரின் நிலவரப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், கிகாபிட் போர்ட்டுக்கு நேராக '100' என்று உட்கார்ந்திருக்கிறது.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம், வயருக்குள் இருக்கும் எட்டு இழையையும் சோதிக்கும் டெஸ்டர் வாங்கி வந்தேன். விளக்குகள் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எரிந்து, ஆறுக்குப் பிறகு ஏழைத் தாண்டி எட்டுக்குக் குதித்தன. அப்பா பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து முனையைப் பார்த்தேன். வெள்ளை-பழுப்பு வயர் மட்டும் ஒரு நெல்மணி நீளம் பின்தங்கி நின்றது. பிளக்கின் முன்சுவரில் மற்ற ஏழின் செம்பும் மின்னியது, அதனிடத்தில் இருட்டு. நூறு வேகத்துக்கு 1, 2, 3, 6 என்று நாலு வயர் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சண்டை போடாமல், சொல்லாமல் கொள்ளாமல் நூறுக்கு இறங்கிவிடும்.

வெட்டினேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நகத்தால் ஒவ்வொன்றாக நீவி நேராக்கி, எட்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டி, செம்பு முன்சுவரில் முட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டூலை அழுத்தினேன். வேகம் 203. மேஜையிலிருந்து ராஸ்பெரி பைக்கு, வீட்டுக்குள் வேகம் அளக்கும் ஐபெர்ஃப் ஓட்டினால் 940. சாப்பிட மணி மூன்றரை ஆனது தனிக்கதை.

மீதி வைஃபை. கூடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் 190 வரை கொடுத்தது. முற்றம் திறந்தவெளி என்பதால் அங்கும் குறையவில்லை. அடுத்த சுவரைத் தாண்டியதும் 40. சமையலறையில் புள்ளிகூட இல்லை. பரணில் தூங்கிய நாலு ஆன்டெனா அங்கேதான் கைகொடுத்தது. அதற்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்து, முகவரி பங்கிடும் டிஹெச்சிபி வேலையை நிறுத்தி, வயரை வெளி இணைப்புக்கான வேன் போர்ட்டில் போடாமல் லேன் போர்ட்டில் சொருகி, இரண்டாம் கட்டில் மாட்டினேன். டெஸ்க்டாப்புக்கும் இதற்கும் வயரைப் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச். நூறுதான் தரும், ஆனால் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே அம்மா சீரியல் பார்க்க அது தாராளம். இரண்டும் மோதிக்கொள்ளாமல் இருக்க, 2.4-ல் கூடத்து ரவுட்டருக்கு 1-ஆம் சேனல், இதற்கு 11.

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எதில் ஒட்டுவது என்று முடிவெடுப்பது ரவுட்டர் இல்லை, போன். என் போன் சமர்த்தாகத் தாவுகிறது. அம்மாவின் போன் கூடத்தை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை இழுத்து வருகிறது. "முன்னாடி இதுவும் இல்லாமத்தானேடா இருந்துச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கறேன், விடு" என்கிறார். கூடத்து 2.4-இன் சக்தியைக் குறைத்த பிறகு கொஞ்சம் தேவலை. ஸ்மார்ட் பிளக், வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3-ஐக் கண்டாலே பிணங்கியது. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-க்கு இறங்கியதும் சேர்ந்துகொண்டது.

பாக்கி ஒன்று. முற்றத்தைத் தாண்டும் ஆறடி வயர் இன்னும் வெயிலில் அப்படியே தொங்குகிறது. இது வீட்டுக்குள் ஓடுகிற ரகம், வெயிலுக்குத் தோல் வெடிக்கும். நேற்றுக் காலை அதன்மேல் ஒரு அணில் நடந்து போய்த் திரும்பி வந்தது. நாளைக்கு முக்கால் அங்குல பிவிசி பைப் வாங்க வேண்டும்.