கேரம் போர்டுக்கு மேலே ஒரு கேமரா

ஜூன் 7, சனி

குவைத்தில் இருக்கும் அண்ணனுக்கு நைனா கேரம் ஆடுவதைப் பார்க்க வேண்டுமாம். வீடியோ காலில் போர்டு தெரிவதில்லை, நைனாவின் வழுக்கைதான் தெரிகிறது. பழைய லேப்டாப்பில், கேமரா படத்தை யூடியூபுக்கு லைவாக அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளைப் போட்டேன். இலவசம், வாட்டர்மார்க் தொல்லையும் இல்லை. யூடியூபில் முதல் தடவை லைவ் திறக்க 24 மணி நேரம் வரை ஆகுமாம். இன்றைக்கு இவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

மேலே தொங்கும் விளக்குக் கம்பியில் வெப்கேமைக் கட்டினேன். பவுடர் போட்ட பலகை பளபளத்து, வெள்ளைக் காய் எது பலகை எது என்றே தெரியவில்லை. கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ எக்ஸ்போஷரை நிறுத்தி வெளிச்சத்தைக் குறைத்தால், படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், கேமராவில் 60 வைத்திருந்தது. மாற்றியதும் நின்றது.

“கேமரா கீழே வுழுந்தா ஃபவுல் யாருக்குடா?” என்றார் நைனா.

ஜூன் 11, புதன்

படம் சுத்திக்கொண்டே இருக்கிறது என்று அண்ணன் புகார். ஓபிஎஸ்ஸின் ஸ்டாட்ஸ் பக்கத்தைத் திறந்தால், படத்தின் ஃபிரேம்கள் விடுபடுவது நெட்வொர்க் கணக்கில். பாவம், லேப்டாப்பைத் திட்டியிருந்தேன். விநாடிக்கு அனுப்பும் டேட்டாவை, அதாவது பிட்ரேட்டை, 4,000 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2,500க்கு இறக்கினேன், படத் தெளிவு 720பி போதும். வைஃபையை விட்டு லேன் கேபிள் இழுத்தேன். அம்மா ஒரு தடவை தடுக்கினார். அதோடு கேபிள் வாசற்படிக்கு மேலே ஏறிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

ஃபேன் சத்தத்துக்கு, ஓபிஎஸ்ஸிலேயே இருக்கும் ஆர்என்என்நாய்ஸ் என்ற இரைச்சல் ஃபில்டரைப் போட்டேன். ஃபேன் போச்சு, கூடவே காயும் ஊமை! அது பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இரைச்சல் என்று தள்ளுகிறது. ஸ்ட்ரைக்கர் ‘டக்’கென்று அடிக்காத கேரம் எதற்கு? ஃபில்டரை எடுத்துவிட்டு, காலர் மைக்கைப் போர்டுக்கு அடியில் ஒட்டினேன். காய் பாக்கெட்டில் விழுவதுகூட இப்போது கேட்கிறது.

நடுவில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து வருஷமாகிறது, அதுவும் அணைந்தது. ரெக்கார்டிங்கை எம்கேவி என்ற வீடியோ ஃபைல் வகையில் வைத்திருந்ததால் அதுவரை ஆடியது பத்திரமாக இருக்கிறது. சாதாரண எம்பி4 என்றால் மொத்தமும் போயிருக்கும்.

ஜூன் 13, வெள்ளி

அண்ணனுக்கு லீவு. போனிலும் இருந்தான். 2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா நம்ம புது வண்ணாரப்பேட்டை என்று நைனா பெருமை பேசிக்கொண்டே ரெட்டைப் போட்டார், ஃபாலோவும் போட்டார். லைவ் சுமார் பதினைந்து விநாடி தாமதம். அதை நைனா எப்போது கவனித்தாரோ, போனை வாங்கி, “இப்ப பாரு, கட் அடிச்சு ரெட்டைப் போடறேன்” என்றார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம், “நைனா! எப்படி நைனா?”

என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார்.