ஒண்டுக்குடித்தன சர்வர்: சிறு ஹோஸ்டிங் தொழிலின் நாட்குறிப்பு

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

பலரின் இணையதளங்களையும் மெயிலையும் ஒரே சர்வரில் வைத்து ஓட்டித் தரும் தொழில். அதற்காக மும்பை டேட்டா சென்டர் ஒன்றில் விபிஎஸ் (பெரிய சர்வரில் பிரித்து வாடகைக்குத் தரும் ஒரு பங்கு) எடுத்தாயிற்று: 8 கோர், 16 ஜிபி ராம், 200 ஜிபி என்விஎம்இ டிஸ்க், இயங்குதளம் ஆல்மாலினக்ஸ் 9. பழைய இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் அப்டேட் நின்றுவிட்டது. இன்னும் அதையே போட்டுத் தரும் மலிவு பேக்கேஜ்கள் சந்தையில் உண்டு. அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம்.

பணம் முதலில் கடிப்பது கன்ட்ரோல் பேனலில்தான், அதாவது வாடிக்கையாளர் தன் தளத்தையும் மெயிலையும் தானே நிர்வகிக்கும் மென்பொருளில். 2019 வரை சிபேனல் என்ற பேனலுக்கு சர்வருக்கு ஒரு உரிமம். எத்தனை தளம் ஏற்றினாலும் ஒரே விலை. அந்த வருடம் கணக்கு எண்ணிக்கைப்படி மாற்றினார்கள். 30 வரை ஒரு கட்டணம், 31-ஆவது ஆள் வந்ததும் அடுத்த படி. அந்த ஒருவர் தரும் பணத்தைவிட அவரால் ஏறும் உரிமத் தொகை அதிகம். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரே வாங்கினால் 18% ஐஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்பவருக்குப் பதில் வாங்குகிற நாமே, கட்ட வேண்டும். ‘20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம்’ என்ற சலுகை அப்போது செல்லாது. கட்டிய வரியைப் பிறகு இன்புட் கிரெடிட்டாக எடுத்து, நாம் வசூலிக்கும் வரியில் கழிக்கலாம். ஆனால் முதலில் கையிலிருந்து ரொக்கமாகப் போகும்.

7 ஆகஸ்ட், வியாழன்

ராம் கணக்கு. இயங்குதளமும் பேனலும் சேர்ந்து 2 ஜிபி, டேட்டாபேஸுக்கு 4, மெயிலும் வைரஸ் ஸ்கேனரும் 2. மீதி 8 ஜிபிதான் தளங்களை ஓட்டும் பிஹெச்பிக்கு. வேர்ட்பிரஸ் (தளம் கட்டும் மென்பொருள்) ஓட்டும் ஒரு பிஹெச்பி புராசஸ் 80 எம்பி எடுக்கும் என்று வைத்தால் ஒரே நேரத்தில் 100 புராசஸ் ஓடலாம். 60 தளங்களுக்குத் தலைக்கு 5 என்று விட்டால் உச்சம் 300, அதாவது 24 ஜிபி. வரம்பே வைக்காவிட்டாலோ, பொங்கல் தள்ளுபடியன்று மூன்று துணிக்கடைத் தளங்கள் நிரம்பினாலே ராம் தீர்ந்துவிடக்கூடும். அப்போது கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) பெரும்பாலும் வெட்டுவது அதிகம் தின்னும் புராசஸை. அது பொதுவாக டேட்டாபேஸ்தான். தப்பே செய்யாத 57 பேர் தளத்திலும் ‘டேட்டாபேஸ் இணைப்பு இல்லை’ என்று வரும்.

ஆகவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி பிஹெச்பி பூல் (புராசஸ் தொகுதி). ‘ஆன்டிமாண்ட்’ முறை, அதாவது யாராவது தளத்துக்கு வந்தால்தான் புராசஸ் தொடங்கும், 10 நொடி சும்மா இருந்தால் புராசஸ் மூடிக்கொள்ளும், உச்சம் 3. கூட வேண்டும் என்பவருக்கு அடுத்த பிளான்.

13 ஆகஸ்ட், புதன்

மெயில். இந்தத் தொழிலில் தலைவலியில் பாதி இதுதான்.

விபிஎஸ் எடுக்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: மெயில் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, ரிவர்ஸ் டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக்கும் டிஎன்எஸ்ஸின் தலைகீழ்: ஐபி எண்ணிலிருந்து பெயர் காட்டும் பதிவு) வைக்க விடுவார்களா, தரும் ஐபி, ஸ்பாம் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸின் பட்டியலில் இருக்கிறதா. பல நிறுவனங்கள் 25-ஐ மூடியே தருகின்றன. பேக்கேஜ் விற்ற பிறகு தெரிந்தால் அனைவரிடமும் பேச்சு வாங்க வேண்டும். ரிவர்ஸ் டிஎன்எஸ் காட்டும் பெயரும், அந்தப் பெயர் திரும்பக் காட்டும் ஐபியும் ஒத்துப்போக வேண்டும்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு எழுதும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பதிவு) அல்லது டிகிம் (மெயிலில் மின்கையொப்பம்) கட்டாயம். நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவருக்கு இரண்டும், கூடவே டிமார்க்கும் (அந்தச் சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு). நடைமுறையில் மூன்றையும் எல்லோருக்கும் போட்டுவிடுவதே நிம்மதி. அடிக்கடி உடைவது எஸ்பிஎஃப்: வாடிக்கையாளர் கூகுள் மெயில் வாங்கியதும் அவர்கள் சொன்ன வரியை இரண்டாவது ரெக்கார்டாகச் சேர்த்துவிடுவார். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும், அதற்குள்ளும் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது.

21 ஆகஸ்ட், வியாழன்

ஒரு தளத்தில் ‘நல்டு’ பிளகின், அதாவது காசு கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய கள்ளப் பதிப்பு. அதன் வழியாக ஸ்பாம் கிளம்பியது. ஒண்டுக்குடித்தனத்தில் ஒருவர் குழாயைத் திறந்துவிட்டால் எல்லார் வீட்டுத் தண்ணீரும் போகிற கதை: ஐபி ஒன்று, பட்டியலில் விழுவது எல்லோரும்.

செய்யும் வரிசை முக்கியம். மெயில் கியூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசை) எத்தனை நிற்கின்றன என்று பார். பிஹெச்பியில் ‘மெயில் ஆட் எக்ஸ் ஹெடர்’ அமைப்பு இயங்கினால், பிஹெச்பியின் மெயில் ஃபங்ஷன் வழியே போகும் ஒவ்வொரு மெயிலின் ஹெடரிலும் அனுப்பிய ஃபைலின் பெயர் இருக்கும். அந்தக் கணக்கின் வெளிச்செல்லும் மெயிலை மட்டும் நிறுத்து, கியூவைக் காலிசெய், ஃபைலை அகற்று, கடவுச்சொற்களை மாற்று. கடைசியாகத்தான் பட்டியலிலிருந்து நீக்கக் கேட்பது. ஓட்டையை அடைக்காமல் கேட்டால் மறுபடி ஏறும்; பிறகு நீக்குவது இன்னும் கடினம். இனி தலைக்கு மணிக்கு 100 மெயில் என்று வரம்பு.

2 செப்டம்பர், செவ்வாய்

பழைய ஹோஸ்டிலிருந்து தளம் மாற்றும்போது டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 300 நொடியாக்கினால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். அரை உண்மை. நேம்சர்வரை (டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) மாற்றினால் ‘.காம்’ பதிவகம் தரும் டிடிஎல் 1,72,800 நொடி, இரண்டு நாள். அதை நாம் குறைக்க முடியாது. அதனால் முதல் நாளே பழைய டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லைக் குறைத்துவிட்டு, மறுநாள் அங்கேயே ஏ ரெக்கார்டை (தளத்தின் ஐபி காட்டும் வரி) புது ஐபிக்குத் திருப்பு. தளம் ஓடுகிறது என்று உறுதியான பிறகு எம்எக்ஸ் (மெயில் எங்கே போக வேண்டும் என்ற வரி), டிஎக்ஸ்டி (எஸ்பிஎஃப் போன்றவை) எல்லாவற்றையும் புது நேம்சர்வரில் நகலெடு, அதற்கப்புறம் நேம்சர்வர் மாற்று. எம்எக்ஸ் விட்டுப்போனால் தளம் ஜோராக ஓடும், மெயில் மட்டும் வராது. பார்ட்டி சொல்லித்தான் தெரியும்.

10 செப்டம்பர், புதன்

டிஸ்கில் பாதி காலி, ஆனால் ‘இடமில்லை’ என்கிறது. ஐநோட் தீர்ந்திருக்கும்; ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய பதிவு அது. இஎக்ஸ்டி4 ஃபைல் அமைப்பில் வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று, 200 ஜிபிக்குச் சுமார் 1.3 கோடி. கேஷ் பிளகினும் அழிக்கப்படாத செஷன் ஃபைல்களும் தின்றுவிடும். கணக்குக்கு 2.5 லட்சம் வரம்பு.

18 செப்டம்பர், வியாழன்

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு: லாக் (சர்வரில் நடப்பதன் பதிவு) 180 நாள் வைத்திருக்க வேண்டும், இணையத் தாக்குதல் போன்ற சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் தகவல் தர வேண்டும். ஆல்மாலினக்ஸில் லாக் சுழற்சி வாரம் ஒன்றாக 4 வாரம்தான். 26 ஆக்கிச் சுருக்கி வைக்கச் சொல்லியாயிற்று. விபிஎஸ் விற்கத் தொடங்கினால் வாடிக்கையாளர் விவரம் 5 ஆண்டு வைக்க வேண்டும் என்பதும் சேரும். இப்போதைக்கு விபிஎஸ் விற்பதில்லை.

29 செப்டம்பர், திங்கள்

விலை. தோராயமாக மாதம் சர்வர் 5,000, பேனல் 5,500, வேறு நிறுவனத்தில் வைக்கும் பேக்கப் 1,000. வருடத்துக்கு 1,38,000 ரூபாய். 60 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 2,300, அதுவும் போன் எடுக்கும் ஆளின் சம்பளம் இல்லாமல். ‘வருடம் 999 ரூபாய்’ என்று வரும் ஹோஸ்டிங் விளம்பரத்தோடு மல்லுக்கட்ட வழியே இல்லை. அந்த விலைக்கு ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கில் ஏற்ற வேண்டும். 7-ஆம் தேதிக் கணக்கு அதற்கு இடம் கொடுக்காது.

விலைப்பட்டியலில் இனி தளம் மட்டும் வருடத்துக்கு 3,600. மெயில் தனி வரி, பெட்டிக்கு இவ்வளவு என்று. கூகுளிலோ வேறிடத்திலோ மெயில் வைத்திருப்பவருக்கு அந்த வரி பூஜ்யம்; அவர்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.