தம்பிக்குக் கருவி வைத்த கதை

மார்ச் 4
தம்பியின் வலிப்புக்கு மூன்றாவது மாத்திரையும் கேட்கவில்லை. வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவியை உள்ளே வைத்துப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். இரவு தேடினால், இந்த நரம்பைத் தூண்ட ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கு, வாயை மூடி முனகு, எல்லா நோயும் பறந்துவிடும் என்று ஒரே வீடியோ மயம். மூச்சை நிதானமாக விட்டால் இதயத்துடிப்பு தணியும், அதில் இந்த நரம்புக்குப் பங்கு உண்டு, சரி. ஆனால் மாத்திரைக்கே அடங்காத வலிப்புக்கு அதை மருந்தென்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மார்ச் 6
வேகஸ் என்றால் லத்தீனில் அலைந்து திரிவது என்று பொருளாம். மூளையில் கிளம்பி கழுத்து, இதயம், நுரையீரல், குடல் என்று போகிறது. மூளையின் உத்தரவு கீழே இறங்கும் வழி என்று நினைத்திருந்தேன்; அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பின் சேதியை மேலே மூளைக்குக் கொண்டுபோகிறவையாம். கழுத்தில் மின்சாரம் கொடுத்தால் தலைக்குள் எப்படி எட்டும் என்று குழம்பிக்கொண்டிருந்தேன், பாதி விடை இதிலேயே இருக்கிறது. காது குடையும்போது அப்பாவுக்கு இருமல் வருமே, அதுவும் இதே நரம்பின் காதுக்கிளை வேலை.

மார்ச் 9
மனிதருக்கு முதலில் பொருத்தியது 1988ல். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வலிப்புக்கு அனுமதி கொடுத்தது 1997ல். 196 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், மூன்று மாதத்தில் நல்ல தூண்டல் பெற்றவர்களுக்கு வலிப்பு சராசரியாக 28 சதவீதம் குறைந்தது, லேசான தூண்டல் பெற்றவர்களுக்கு 15. படித்ததும் இவ்வளவுதானா என்று மனசு விழுந்துவிட்டது. அப்புறம் நீண்டகாலக் கணக்குகளைப் பார்த்தேன்: வருஷம் போகப்போகப் பலன் கூடுகிறது, ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைகிறது. அறவே நின்றுபோவது சிலருக்குத்தான். தம்பியிடம் இதை அப்படியே சொன்னேன். "பாதி குறைஞ்சாலே போதும்க்கா" என்றான்.

மார்ச் 15
கெவின் டிரேசி என்ற ஆய்வாளரின் குழு 2000ல் எலிகளில் காட்டியது: இந்த நரம்பைத் தூண்டினால் அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் என்ற புரதம் சுரப்பது குறைகிறது. அந்த வழியில் போய், 2025ல் முடக்குவாதத்துக்கும் ஒரு கருவிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மனச்சோர்வுக்கு அனுமதி 2005லேயே வந்துவிட்டது. ஆனால் பிறகு 493 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், கருவியை வைத்தும் இயக்காமல் விட்டவர்களும் நன்றாகத் தேறியதால், முக்கிய அளவுகோலில் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நோய்க்குப் பலித்ததை இன்னொன்றுக்கு நீட்டக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனி ஆய்வு வேண்டும்.

ஏப்ரல் 18
அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்து இன்று கருவியை ஓடவிட்டார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே சின்ன மேடாகத் தெரிகிறது. முப்பது விநாடி ஓடும், ஐந்து நிமிடம் ஓயும். குரல்வளைக்குப் போகும் கிளையும் இந்த நரம்பிலிருந்தே பிரிவதால், ஓடும்போது குரல் கம்மிப்போகிறது. "அக்கா, தண்ணி" என்று ஆரம்பித்தவன் பாதியில் கரகரத்து, நிறுத்தி, காத்திருந்து, மீதியைச் சொன்னான்.

ஜூலை 20
நோட்டில் வலிப்புக் கணக்கு: மே மாதம் 11, ஜூன் 9, இந்த மாதம் இதுவரை 6. மாத்திரைகள் அப்படியே தொடர்கின்றன. நேற்று வலிப்பு வரும் அறிகுறி தெரிந்ததும் கருவியைக் கூடுதலாக ஒருமுறை ஓடவைக்கும் காந்தத்தை அவனே எடுத்து மார்பின்மேல் ஒருமுறை தடவினான், உடனே குரல் கம்மியது, வலிப்பு வரவில்லை. காந்தத்தாலா, தானாகவா, தெரியாது. எழுதி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மின்னோட்டத்தை இன்னும் ஒரு படி கூட்டுகிறார்கள்.