அத்தை சொல்லாமல் விட்ட கீமோ

தண்டையார்பேட்டை அத்தைக்கு இரண்டு மாதமாக ஒரே அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, காலில் அடிபடாமலே அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே குறைவு. ரத்த நோய் டாக்டர், முன்னாடி என்னென்ன வந்திருக்கிறது என்று கேட்டதற்கு, சின்ன வயசு டைபாய்டு, மஞ்சள் காமாலை, கை உடைந்தபோது எடுத்த எக்ஸ்ரே என்று வரிசையாகச் சொன்ன அத்தை, 2018-ல் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ போட்டதை மட்டும் சொல்லவில்லை. நான்தான் குறுக்கிட்டுச் சொன்னேன். "அதான் குணமாயிடுச்சே, அத எதுக்குப்பா இப்ப சொல்லணும்?" என்றார்.

டாக்டர் தேடியது அதைத்தான். சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்துகள், எலும்புக்குள் ரத்தம் உண்டாக்குகிற மஜ்ஜை அணுக்களின் மரபணுவில் விடுகிற சேதம், சிலருக்கு 5 முதல் 10 வருடம் கழித்து ஏ.எம்.எல் என்ற ரத்தப் புற்றுநோயாக வரலாம். டாக்சோரூபிசின் வகை என்றால் இன்னும் சீக்கிரம், 1 முதல் 3 வருடத்தில். கரண்ட் (ரேடியேஷன்) வைத்தவர்களுக்கும் அந்த ஆபத்து கொஞ்சம் உண்டு. ஆனால் கீமோ போட்டுக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இது வருவதே இல்லை, அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் கீமோவுக்குப் பயந்து பின்வாங்காதீர்கள், அன்றைக்கு அத்தையைக் காப்பாற்றியது அதுதான்.

மஜ்ஜை சரியாக ரத்தம் உண்டாக்காத எம்.டி.எஸ் நோய் இருந்தாலும் கவனமாக இருக்க வேண்டும், ஏறக்குறைய 3-ல் ஒருவருக்கு அது ஏ.எம்.எல் ஆக மாறுகிறது. சி.எல்.எல் என்ற, மெதுவாக வளர்கிற ரத்தப் புற்றுநோய் வகையில் கதை தலைகீழாகவும் இருக்கலாம். திரும்பத் திரும்ப நிமோனியா வந்ததால் புற்றுநோய் வந்தது என்று நாம் நினைப்போம், ஆனால் பல வருடம் சத்தமில்லாமல் இருந்த சி.எல்.எல் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததால்தான் நிமோனியாவே வந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா டைபாய்டுதான் காரணம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அது இல்லை என்று புரிய வைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது.

சரி, பழைய ஃபைல் எங்கே? பரணில், பித்தளை அண்டாவுக்குள், கல்யாணப் பத்திரிகைகளோடு கிடைத்தது. எந்த மருந்து, எத்தனை தடவை, எவ்வளவு அளவு, எல்லாம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது கீமோ போட்டிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

நேற்று இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். வியாழக்கிழமை ரிசல்ட்.