வியன்னாவில் கேட்ட ஒரு தாழ்ந்த 'டி'

வியன்னா ஸ்டேட் ஓபராவில் நின்றுகொண்டு பார்க்கவும் டிக்கெட் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நல்ல இருக்கை வேண்டுமென்றால் 200 யூரோவைத் தாண்டும், நிற்பதற்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். 400 பேருக்கு மேல் நிற்கலாம். கீழ்த்தளத்தில் நிற்கும் இடம் மேடைக்கு நேர் எதிரே இருப்பதால், காசு அதிகம் கொடுத்து ஓரத்துப் பெட்டியில் உட்கார்ந்தவர்களைவிட நமக்கு நன்றாகவே தெரியும். டிக்கெட் கைக்கு வந்ததும் வேகமாக உள்ளே போய், முன்னால் இருக்கும் கம்பியில் மப்ளரைக் கட்டிவிடுவது அங்கே பழைய வழக்கம். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே சட்டம்தான். கட்டியபின் வெளியே போய் காபி குடித்துவிட்டு வந்தாலும் அந்த இடம் நம்முடையது, யாரும் தொட மாட்டார்கள்.

நான் போன அன்று மோட்சார்ட்டின் 'அந்தப்புரத்திலிருந்து கடத்தல்' என்ற இசை நாடகம். துருக்கிப் பாஷாவின் அரண்மனையில் சிறைப்பட்ட காதலியை மீட்க வருகிறான் ஒருவன், வழியை மறித்து நிற்கிறான் ஓஸ்மின் என்ற காவல்காரன். எனக்கு இந்த ஓபராவில் காதலன் காதலி எல்லாம் இரண்டாம் பட்சம், ஓஸ்மினுக்காகத்தான் போனேன். ஆண் குரல்களில் மிகத் தாழ்ந்ததான பாஸ் குரலுக்கு எழுதப்பட்ட மிகக் கடினமான பாத்திரங்களில் அது ஒன்று. மேலே 'எஃப்' வரை ஏறிக் கத்த வேண்டும், கீழே 'டி' வரை இறங்கி அங்கேயே நிற்கவும் வேண்டும் (இவை மேற்கத்திய சுரங்களின் பெயர்கள்). அந்த 'டி' நொடிக்குச் சுமார் 73 அதிர்வுகள். பெரும்பாலான பாஸ் பாடகர்களுக்கு அதற்கு ஒரு முழுச் சுரம் மேலே, 'ஈ'யிலேயே தரை தட்டிவிடும்.

எனக்கு வலப்பக்கம் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். இடப்பக்கம் ஒரு நெட்டையான மனிதர், மடியில் வைக்க வழியில்லாததால் பாட்டின் சுரங்கள் அச்சிட்ட தடித்த ஸ்கோர் புத்தகத்தைக் கம்பியின் மேலேயே விரித்து வைத்திருந்தார். அவர்கள் இருவருக்கும் பழைய பழக்கம், நான் நடுவில்.

மூன்றாவது அங்கத்தில் அந்தப் பாட்டு வந்தது. தப்பி ஓடப் பார்த்தவர்களைப் பிடித்துவிட்ட ஓஸ்மின், உங்களைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோகும்போது எப்படியெல்லாம் குதிப்பேன் தெரியுமா என்று கொண்டாடுகிறான். வேகமான, துள்ளலான பாட்டு, திடீரென்று குரல் கிணற்றுக்குள் இறங்கும். பாடகர் இறங்கினார். தாடையைத் தளர்த்தி, மார்பைக் கொஞ்சமும் அசைக்காமல் 'டி'யில் போய் நின்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நெட்டை மனிதர் அந்த இடத்தில் பென்சிலால் மெல்ல ஒரு டிக் போட்டார். அந்த அம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார்.

முடிந்து வெளியே வந்ததும் சண்டை ஆரம்பித்தது. சண்டை என்றால் அன்பான சண்டை, ஆனால் குரலில் சூடு இருந்தது. ஓபராவுக்குப் பின்னால், ஆல்பெர்டினா அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாசேஜ் கடை இருக்கிறது. இரவு பத்தரைக்கு அங்கே போனால் பட்டுக் கவுன் போட்டவர்களும் டாக்சி ஓட்டுநர்களும் தோளோடு தோள் நின்று சாப்பிடுவார்கள். நாங்கள் மூவரும் அங்கே போய் நின்றோம், எனக்காக இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள், கோபம் வந்தபோது மட்டும் ஜெர்மனுக்கு மாறினார்கள்.

'டி' வந்ததா இல்லையா? வந்தது. அப்படியானால் அவர் அசல் பாஸ், ஆழமான பாஸ், பாஸ்ஸோ புரொஃபொண்டோ. நெட்டை மனிதரின் கட்சி இவ்வளவுதான். அந்த அம்மாவின் கட்சி வேறு. வந்தது குரல் இல்லை, ஸ்ட்ரோபாஸ் என்றார். ஜெர்மனில் 'வைக்கோல் பாஸ்' என்று அர்த்தம். குரல் நாண்கள் தளர்ந்துபோய், காலடியில் வைக்கோல் மிதிபடுகிற மாதிரி கரகரவென்று வருகிற ஒலி. காலையில் தூங்கி எழுந்ததும், ஜலதோஷம் பிடித்தாலும் நம் எல்லோருக்கும் கொஞ்சம் கீழே போகுமே, கிட்டத்தட்ட அந்த இடம். அதில் சுரம் இருக்கும், சாரீரம் இருக்காது. "அவர் மேலே போனபோது கேட்டீர்களா? முகம் மலர்ந்து, குரல் அகலமாகி, வீட்டுக்கு வந்தவர் மாதிரி பாடினார். அவர் பாஸ்-பாரிட்டோன், பாஸுக்கு ஒரு படி மேலே இருக்கும் குரல். நல்ல பாடகர்தான், ஆனால் இது அவர் வீடு இல்லை" என்றார்.

எனக்கு இது புதிதாக இருந்தது. குரல் வகை என்றால் எது வரை இறங்குகிறது, எது வரை ஏறுகிறது என்ற அளவு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா சாசேஜ் குத்தியிருந்த குச்சியை வைத்துக் காகிதத் தட்டில் ஒரு கோடு கிழித்தார். ஏறும்போது ஓரிடத்தில் ஒவ்வொரு ஆண் குரலும் பேச்சுக் குரலை விட்டுவிட்டு வேறு மாதிரி திரும்பியாக வேண்டும், திரும்பாவிட்டால் கத்தல்தான். ஆழமான பாஸுக்கு அது பியானோவின் நடுவில் இருக்கும் 'சி' சுரத்துக்கு அருகிலேயே வந்துவிடும், பாஸ்-பாரிட்டோனுக்கு இன்னும் ஒன்றிரண்டு அரைச்சுரம் மேலே. கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட இந்தத் திருப்பம் எங்கே என்று கேளுங்கள், நடுப்பகுதி என்ன நிறத்தில் இருக்கிறது என்று கேளுங்கள் என்றார்.

நெட்டை மனிதர் விடவில்லை. நிறத்தைப் பற்றிப் பேசினால் விடியும்வரை பேசலாம், ஸ்கோரில் 'டி' எழுதியிருக்கிறது, அவர் பாடினார், அவ்வளவுதானே! அதிலும் நியாயம் இருக்கிறது. ஓபரா அரங்கம் ஆள் எடுப்பது பாத்திரத்துக்கு. ஜெர்மன் பேசும் நாடுகளில் ஒப்பந்தமே குரல் வகையை வைத்துத்தான், அதை 'ஃபாக்' என்கிறார்கள். ஓஸ்மின் சிரிப்புப் பாத்திரம், ஆனால் சிரிப்புப் பாத்திரத்துக்கு வழக்கமாக எடுக்கும் லேசான பாஸுக்கு இந்தக் கிணறு எட்டாது.

அப்புறம் அந்த அம்மா என்னைக் கேட்டார், உங்கள் சங்கீதத்தில் பாஸ் பாடகர்கள் என்ன செய்வார்கள்? யோசித்துப் பார்த்தேன். எங்களிடம் இந்தச் சண்டைக்கே இடமில்லை. பாடுபவர் தன் குரலுக்கு ஏற்பச் சுருதியை வைத்துக்கொள்கிறார், தாழ்ந்த குரலென்றால் அரைக் கட்டை இறக்கித் தம்புராவைச் சேர்ப்பார், அதே கீர்த்தனை அப்படியே கூடவே இறங்கும். இங்கே மோட்சார்ட் எழுதிய 'டி' எழுதிய இடத்திலேயே இருக்கிறது, மனிதர்தான் அங்கே போக வேண்டும். இதைச் சொன்னதும் இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு நெட்டை மனிதர், அன்றைய வியன்னாவில் சுருதி இன்றையதைவிடத் தாழ்வாக இருந்தது, அதனால் அந்த 'டி' இன்னும் கீழே இருந்திருக்கும் என்றார். கேட்கவே மலைப்பாக இருந்தது.

கடைசியில் இருவரும் ஒத்துப்போனது ஒரே பெயரில், கர்ட் மோல். 2017-ல் காலமான ஜெர்மானியர். ஓஸ்மின், மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவின் சராஸ்ட்ரோ, 'ரோசன்காவலியர்' ஓபராவின் பாரன் ஓக்ஸ், மூன்றையும் தன் சொத்தாக வைத்திருந்தவர். அவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டு பாஸ்-பாரிட்டோனுக்கான வாக்னரின் வோட்டான் பாத்திரத்தை அவர் பாடவே இல்லை, தன் வீடு எது என்று அவருக்குத் தெரியும் என்று அந்த அம்மா சொன்னபோது கண்கள் கலங்கியிருந்தன. மோலை இதே அரங்கில் நின்றபடி கேட்டவர் அந்த அம்மா.

மறுநாள் காலை மிஹாயேலர்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு நடந்தேன். 1782 ஜூலை 16 அன்று இந்த ஓபரா முதன்முதலில் அரங்கேறிய பழைய பூர்க் தியேட்டர் அங்கேதான் இருந்தது. இப்போது அது இல்லை, 1888-ல் இடித்துவிட்டார்கள். சதுக்கத்தின் நடுவே தோண்டி எடுத்த ரோமானியர் காலத்துச் சுவர்களைத்தான் எல்லோரும் குனிந்து பார்க்கிறார்கள். நான் அரண்மனை வாசல் பக்கம் போய் நின்றேன். அந்த முதல் ஓஸ்மின் லுட்விக் ஃபிஷர். அவர் குரலை மனதில் வைத்துத்தான் மோட்சார்ட் அந்த 'டி'யை எழுதினார். அரங்கேற்றத்துக்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி வரும். ஃபிஷருக்கு அருமையான பாஸ் குரல், ஆனால் சால்ஸ்பர்க் பேராயரோ, ஒரு பாஸுக்கு இவர் ரொம்பத் தாழப் பாடுகிறார் என்று என்னிடம் சொன்னார், அடுத்த முறை கொஞ்சம் மேலே பாடுவார் என்று உறுதி கொடுத்தேன் என்கிறார். சாசேஜ் கடைச் சண்டையை அப்போதே பேராயர் ஆரம்பித்துவைத்திருக்கிறார்.

பூர்க்ரிங் வரை நடந்து டிராம் ஏறினேன். வந்தது 'டி' வண்டி, அந்த ஊரில் ஒரு தடத்துக்கு அதுதான் பெயர். காதில் 1973-ல் இசை நடத்துநர் கார்ல் போம் நடத்திய பதிவு, ஓஸ்மினாக மோல். 'டி' வந்தது, கரகரப்பே இல்லை, இருட்டான அறையில் விளக்கு எரிகிற மாதிரி நின்றது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பின்னால் தள்ளிக் கேட்டது அதை அல்ல. அதற்கு முன்னால், எந்த உயரமும் ஆழமும் இல்லாத நடு இடத்தில், அவர் சும்மா பேசுகிற மாதிரி பாடிப்போகும் ஒரு வரியை. மூன்றாவது முறை கேட்டபோது இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டிருந்தது.